மாடு பறக்காது என்று தெரிந்தும் கை ஏன் உயர்கிறது?

ஐப்பசி, கார்த்திகை வந்தால் யாழ்ப்பாணத்து முன்பள்ளிகளில் விளையாட்டு முழுக்க உள்ளுக்கு வந்துவிடும். முற்றத்தில் வெள்ளம் நிற்கும், ஊஞ்சல் நனைந்து கிடக்கும், அத்தனை பிள்ளைகளும் ஒரே மண்டபத்துக்குள். பல ஊர்களில் முன்பள்ளி என்பதே சனசமூக நிலையத்தின் ஓர் அறைதான், அதனால் ஓடிப்பிடிக்கவும் இடமில்லை. அப்போது ரீச்சர்மாருக்குக் கைகொடுக்கிற பழைய விளையாட்டு ஒன்று இருக்கிறது. ரீச்சர் "காகம் பறக்கும்" என்றால் எல்லோரும் கையைத் தூக்கி அடிக்க வேண்டும். "கொக்குப் பறக்கும்", "கிளி பறக்கும்" என்று வரிசையாகப் போய், திடீரென்று "மாடு பறக்கும்" என்பார். கை அசையக்கூடாது.

அந்த நேரம் ஒரு மூன்று வயதுப் பிள்ளையை மட்டும் பாருங்கள். "மாடு பறக்காது ரீச்சர்!" என்று தொண்டை கிழியக் கத்தும், இரண்டு கையும் தலைக்கு மேலே இருக்கும். பிறகு தன் கைகளைத் தானே அண்ணாந்து பார்த்துவிட்டு மெல்ல இறக்கும். பிழை அறிவில் இல்லை. மாடு பறக்காது என்பது அதற்கு நன்றாகத் தெரியும், விதியும் தெரியும், கேட்டால் ஒப்புவிக்கும். கைதான் கேட்கவில்லை.

ஒரு செயலைத் தொடங்குவதும், தொடங்கியதை நிறுத்துவதும் மூளைக்கு ஒரே வேலை அல்ல. மூன்று நான்கு பறவைகளுக்குக் கையைத் தூக்கிய பிறகு அடுத்ததற்கும் தூக்கும் கட்டளை தயாராகவே நிற்கிறது, ரீச்சர் வாயைத் திறந்தாலே போதும். அதை இரத்துச் செய்ய வேண்டுமென்றால் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளைப் பகுதியிலிருந்து ஒரு தனிச் செய்தி புறப்பட்டு, மூளையின் ஆழத்தில் இருக்கும் நரம்புத் திரள்களுக்குப் போய், கை அசைகிற கட்டளையை முந்திச் சென்று தடுக்க வேண்டும். இரண்டு செய்திகளுக்கும் இடையில் நடக்கிற ஓட்டப்பந்தயம் என்றே ஆய்வாளர்கள் இதை விவரிக்கிறார்கள். வளர்ந்த ஒருவருக்கு இந்தத் தடுப்புக்கு ஏறக்குறைய கால் செக்கன் போதும். சின்னப் பிள்ளைக்கு அதைவிடக் கூடுதலான நேரம் எடுக்கும், அதற்குள் கை மேலே போய்விடும். காரணம் எளிது. கையை அசைக்கிற பகுதியின் நரம்பு இழைகளுக்கு, செய்தியை வேகமாகக் கடத்த உதவும் கொழுப்புறை முந்தியே வந்துவிடுகிறது, முன்மூளையில் அந்த வேலை இருபது வயது தாண்டியும் நடந்துகொண்டிருக்கும். சைக்கிளை மிதிக்கப் பழகிவிட்டு இன்னும் பிறேக் பிடிக்கப் பழகாத நிலை மாதிரித்தான்.

1950களில் சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா இதைச் சோதித்துப் பார்த்தார். பிள்ளையின் கையில் ஒரு ரப்பர்க் குமிழைக் கொடுத்து, ஒரு நிற விளக்கு எரிந்தால் அமத்து, மற்ற நிறம் எரிந்தால் அமத்தாதே என்றார். மூன்று வயதுக்காரர் "அமத்தக்கூடாது" என்று வாயால் சொல்லிக்கொண்டே அமத்தினார்கள். இதற்கு லூரியா தந்த விளக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் பலர் ஏற்கவில்லை, அது வேறு கதை. ஆனால் தெரிந்தும் செய்யமுடியாத அந்த இடைவெளி திரும்பத் திரும்ப வேறு சோதனைகளிலும் கிடைத்திருக்கிறது. ஆகவே உள்ளே ஓடித்திரிகிற பிள்ளையிடம் "ஓடாதேங்கோ, ஓடாதேங்கோ" என்று கத்துவதைவிட "பாயில வந்து இருங்கோ" என்று செய்யவேண்டியதைச் சொல்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். வெறுமனே நிறுத்துவதைவிட ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது பிள்ளைக்கு இலகு.

சரி, விளையாட்டு இதற்கு என்ன செய்கிறது? நிறுத்திப் பழக வாய்ப்புக் கொடுக்கிறது, அதுவும் பயமில்லாமல், சிரித்துக்கொண்டு, ஒரு நாளில் பல தடவை. இங்கேதான் எனக்கு சங்கீதக் கதிரையோடு ஒரு பெரிய சண்டை. பாட்டு நின்றதும் கதிரை கிடைக்காதவர் வெளியே. யார் முதலில் வெளியே போகிறார்? பாட்டு நின்றதைக் கவனிக்காத, காலை நிறுத்த முடியாத, அந்தப் பயிற்சி மிகவும் தேவைப்படுகிற அதே பிள்ளை. மிச்ச நேரம் முழுக்க அது சுவரோடு சாய்ந்து இருந்து அழும், ஏற்கெனவே நன்றாக நிற்கத் தெரிந்த பிள்ளை கடைசிவரை பழகும். கதிரையை எடுங்கள், பிள்ளையை எடுக்காதீர்கள். ஐந்து பாயில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒரு பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, பாட்டு நின்றதும் எல்லோரும் இருக்கிற பாய்க்குள் எப்படியாவது அடங்க வேண்டும் என்று வைத்தால் நிறுத்தும் பயிற்சியும் இருக்கும், யாரும் வெளியே போகவும் தேவையில்லை. கடைசிப் பாயில் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடப்பதுதான் அவர்களுக்கு ஆகப் பெரிய சந்தோசம்.

இது வெறும் இரக்கப் பேச்சு இல்லை. அமெரிக்காவில் ஷோனா டோமினி, மெகன் மெக்லெலண்ட் என்ற இருவர் இப்படியான நிறுத்து-தொடங்கு விளையாட்டுகளை முன்பள்ளிப் பிள்ளைகளோடு சில வாரங்கள் விளையாடிப் பார்த்து 2011ல் முடிவை வெளியிட்டார்கள். முன்னால் நிற்பவரின் கை அசைந்தால் தாளம் போடு, அசையாவிட்டால் நிறுத்து, பிறகு விதியைத் தலைகீழாக்கு, இந்த மாதிரியானவை. மொத்தக் குழுவையும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசமில்லை. தொடக்கத்தில் தன்னை அடக்குவதில் பின்தங்கியிருந்த பிள்ளைகளிடம்தான் முன்னேற்றம் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளைத்தான் சங்கீதக் கதிரை முதல் சுற்றிலேயே அனுப்பிவிடுகிறது.

இன்னொரு சங்கதி, வேகம். ரீச்சர் படபடவென்று சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கூடுதலாகப் பிழைவிடுவார்கள். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஆராயும் அடெல் டயமண்டின் குழு பிள்ளைகளுக்குச் சூரியன் படத்தைக் காட்டினால் "இரவு" என்றும், நிலாப் படத்துக்குப் "பகல்" என்றும் சொல்லச் சொன்னது. நான்கு வயதுக்காரர் தடுமாறினார்கள். 2002ல் அதே சோதனையில், படத்தைக் காட்டிய பிறகு சோதிப்பவர் ஒரு சின்ன ஓசைப் பாட்டைப் பாடி, அது முடிந்த பிறகே பதில் சொல்ல விட்டார். பிழைகள் நன்றாகக் குறைந்தன. அந்த இடைவெளியில் முதலில் வாய்க்கு வந்த பதில் மெல்ல அடங்கிவிடுகிறது. எங்கள் காகம்-மாடு விளையாட்டிலும் இதைச் செய்யலாம்: ரீச்சர் பெயரைச் சொன்னதும் எல்லோரும் இரண்டு தரம் மடியில் தட்ட வேண்டும், பிறகுதான் கை. மூன்று வயதுக்காரருக்கு இப்படித் தொடங்கி, ஐந்து வயதை நெருங்குபவர்களுக்குத் தட்டுவதை விட்டுவிடலாம்.

தாளத்துக்குக் கைத்தொலைபேசியில் பாட்டுப் போடுவதைவிட ரீச்சரே முன்னால் இருந்து இரண்டு சிரட்டையைத் தட்டுவது மேல். 2009ல் செபாஸ்டியன் கிர்ஷ்னரும் மைக்கேல் டொமசெல்லோவும் செய்த ஆய்வில், இரண்டரை முதல் நாலரை வயதுப் பிள்ளைகள் ஒலிபெருக்கியோடோ தட்டும் இயந்திரத்தோடோ தட்டியதைவிட, கூட இருந்து தட்டுகிற மனிதரோடு நன்றாக ஒத்துத் தட்டினார்கள். (பற்றரியும் மிச்சம்.)

விதியை எப்போது மாற்றுவது என்பதிலும் கவனம் வேண்டும். சிவப்பு, நீலம் என்று நிறப்படி அட்டைகளைப் பிரிக்கப் பழகிய மூன்று வயதுப் பிள்ளையிடம் "இப்ப உருவத்தின்படி பிரியுங்கோ" என்றால் பெரும்பாலும் நிறப்படியே பிரித்துக்கொண்டிருக்கும். புது விதி என்னவென்று கேட்டால் சரியாகச் சொல்லும், அட்டையைப் பழைய இடத்தில் போடும். பிலிப் செலாசோவின் குழு 1996ல் காட்டியது இது. நான்கு, ஐந்து வயதில் பெரும்பாலானவர்கள் மாறிவிடுகிறார்கள். ஆகவே "இனிப் பறக்காததுக்குத்தான் கை தூக்க வேணும்" என்று தலைகீழாக்குவதை மூத்த பிள்ளைகளோடு வைத்துக்கொள்ளுங்கள். கலந்த வகுப்பென்றால் சின்னவர்கள் பழைய விதியிலேயே நிற்கட்டும், ஒன்றும் குறைந்துபோகாது.

இதையெல்லாம் விளையாடினால் முதலாம் ஆண்டில் கணக்கும் வாசிப்பும் தானாக வரும் என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். பயிற்சி கொடுத்த திறன் வளர்கிறது, அதற்குப் பக்கத்தில் இருப்பதும் ஓரளவு வளரலாம், தூரத்தில் இருக்கிற பாடங்களுக்கு அது தாவும் என்பதற்குச் சான்று பலமாக இல்லை. பத்து நிமிடம் விளையாடினால் போதும், அதற்கு மேல் நீட்டினால் சின்னவர்கள் பாயை விட்டு உருளத் தொடங்குவார்கள்.

அப்புறம் மண்டபத்தின் ஒரு மூலையில் சிரட்டையும் பழைய சீலையும் கொடுத்து அவர்களாகவே வீடு கட்டிச் சமைக்க விடலாம். அதுவும் இதே பயிற்சிதான். உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கியின் வழிவந்த மனுய்லென்கோ என்ற சோவியத் ஆய்வாளர் 1948ல், பிள்ளைகளைச் சும்மா அசையாமல் நிற்கச் சொன்னபோது நின்ற நேரத்தைவிட, காவற்காரனாக நடிக்கச் சொன்னபோது அவர்கள் கூடிய நேரம் அசையாமல் நின்றதைப் பதிவுசெய்தார். வீடு கட்டுகிற மூலையிலும் "நீ அம்மம்மா, ஓடக்கூடாது, மெல்லமாத்தான் நடக்க வேணும்" என்று ஒருத்தி சட்டம் போடுவாள். சற்று முன்னர் பாயில் இருக்கவே முடியாமல் துள்ளிய பிள்ளை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடக்கும்.