சொகுசுக் கப்பல் பயணம்: சாப்பாடு, உடை, சலுகைகள் பற்றி முன்பதிவுக்கு முன் அறிய வேண்டியவை

சொகுசுக் கப்பல் பயணத்துக்கு முன்பதிவு செய்ய எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "சாப்பாடு எல்லாம் சேர்த்துத்தானே?" என்பதுதான். சேர்த்துத்தான். ஆனால் எந்தச் சாப்பாடு, எந்த உணவுக்கூடத்தில், எத்தனை மணிக்கு, என்ன உடையில் என்பதையெல்லாம் விசாரிக்காமல் பணம் கட்டிவிடுபவர்களே திரும்பி வந்தபின் வருத்தத்தோடு பேசுகிறார்கள். கப்பலில் நேரும் ஏமாற்றங்களில் பெரும்பகுதி, பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே, முன்பதிவின்போது யாரும் கேட்காமல் விட்ட சில விவரங்களால் தீர்மானமாகிவிட்டவை என்பது இந்தத் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கும் எனது உறுதியான கருத்து.

பெரிய கப்பல்களில் பயணக் கட்டணத்துக்குள் அடங்குபவை பொதுவாக மூன்று. மாலையில் மேசைக்கு வந்து பரிமாறும் பிரதான உணவுக்கூடம் ஒன்று. மேல்தளத்தில் நாள் முழுவதும் ஏறத்தாழத் திறந்திருக்கும், நாமே எடுத்துச் சாப்பிடும் பஃபே மற்றொன்று. பீட்சா, சாண்ட்விச் போன்றவை கிடைக்கும் சிறு கடைகள் மூன்றாவது. இவற்றுக்கு அப்பால் ஸ்டேக், சுஷி, இத்தாலிய உணவு என்று தனித்தனிப் பெயர்களோடு இருக்கும் சிறப்பு உணவகங்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் உண்டு. முதல் நாள் கப்பலேறியதும் ஊழியர்கள் புன்னகையோடு வந்து இந்த உணவகங்களுக்கு இடம் பிடித்துத் தருவதாகச் சொல்வார்கள். அது விற்பனை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றால் வாங்குங்கள், வேண்டாமென்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

பிரதான உணவுக்கூடத்தில் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது சிறிய விஷயம் போலத் தோன்றினாலும் முதியவர்களும் குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு அது பெரிய விஷயம். கல்யாண வீட்டில் முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று இருப்பதைப் போலவே, பழைய முறைப்படி இங்கும் இரண்டு அமர்வுகள் உண்டு: ஏறத்தாழ மாலை ஆறு மணியளவில் ஒன்று, எட்டு மணிக்கு மேல் ஒன்று. நாள்தோறும் அதே மேசை, அதே பரிமாறுபவர் என்பது இம்முறையின் சிறப்பு. இரண்டு நாளில் அவருக்கு உங்கள் வீட்டார் ஒவ்வொருவரின் விருப்பமும் மனப்பாடமாகிவிடும். நார்வீஜியன் குரூஸ் லைன் என்ற கப்பல் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, விரும்பிய நேரத்தில் சாப்பிடும் முறையைப் பரவலாக்கியது. பின்னர் மற்ற நிறுவனங்களும் தத்தம் பெயரில் அதைக் கொண்டுவந்தன. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு நான் எப்போதும் முதல் அமர்வையே பரிந்துரைக்கிறேன். ஆனால் அந்த இடங்கள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால், முன்பதிவு செய்யும் அன்றே அதைக் கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

எல்லாக் கப்பல்களிலும் எல்லாரும் ஒரே கூடத்தில் சாப்பிடுவதும் இல்லை. 2004 முதல் கடலில் இருக்கும் க்யூனார்ட் நிறுவனத்தின் குயீன் மேரி 2 கப்பலில், நீங்கள் எந்த வகை அறையை வாங்கினீர்களோ அதைப் பொறுத்தே பிரிட்டானியா, பிரின்செஸ் கிரில், குயீன்ஸ் கிரில் ஆகியவற்றில் உங்கள் உணவகம் எது என்பது அமையும். சேர்ந்து பயணம் போக விரும்பும் இரண்டு நண்பர் குடும்பங்கள் வெவ்வேறு வகை அறைகளை வாங்கினால், மாலை உணவுக்குப் பிரிந்து போக நேரிடும். அறையின் விலையைப் பார்க்கும்போதே இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சைவ உணவு உண்பவர்களின் நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் மிகுதியாகத் துன்பப்படுவது இங்கேதான். இன்று பல கப்பல்களில் இந்திய உணவு கிடைக்கிறது. பஃபேயில் பருப்பு, சோறு, ஒரு காய்கறிக் கூட்டு ஆகியவை இருப்பது அரிதல்ல. சமையலறையிலும் பரிமாறுமிடத்திலும் கோவாவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்கள் பணிபுரிகிறார்கள். அதனால் கவலையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மேலைநாட்டுச் சமையலறையில் முட்டையும் சைவத்தில் சேரும். நம் நாட்டுப் பொட்டலங்களில் முட்டை சேர்ந்த பண்டத்துக்குப் பச்சைப் புள்ளி கிடையாது. அங்கே அத்தகைய பிரிவினை இல்லை. காய்கறி சூப்பின் அடிப்படையாகக் கோழிச் சாறு இருக்கலாம். சீசர் சாலட்டின் மேல் ஊற்றும் குழம்பில் நெத்திலி வகை மீன் சேரும். வூஸ்டர்ஷயர் சாஸிலும் அப்படியே. பல குளிர்ந்த இனிப்புகளைக் கெட்டிப்படுத்தும் ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. அசல் பார்மசான் பாலாடைக்கட்டி, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறைய வைக்கப்படுகிறது. இவற்றையெல்லாம் பரிமாறுபவர் மறைக்கவில்லை. நீங்கள் கேட்டால் உண்மையைச் சொல்வார். கேட்க வேண்டும் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

ஆகவே, "சைவம்" என்று மட்டும் எழுதாமல், முட்டை, மீன், இறைச்சிச் சாறு, ஜெலட்டின் ஆகிய எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி, பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே நிறுவனத்துக்கு அனுப்பி, அவர்கள் தரும் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு, கிழங்கு வகைகள் தவிர்க்கும் ஜைன உணவுக்கும் இதுவே வழி. கப்பலேறிய முதல் மாலையே உணவுக்கூடத்தின் தலைமை வெயிட்டரைச் சந்தித்து அந்தத் தாளைக் காட்டுங்கள். பெரும்பாலான கப்பல்களில் அவர் மறுநாள் உணவுப் பட்டியலை முந்தின இரவே கொண்டுவந்து, எதை எப்படி மாற்றிச் சமைக்கலாம் என்று உங்களிடம் கேட்டுக்கொண்டு போவார். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. நிலக்கடலை, முந்திரி, கூனி, இறால் போன்றவற்றால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த ஏற்பாடு உயிர்காக்கும் செயல். அவர்கள் பஃபேயைத் தவிர்ப்பதே நல்லது, ஏனெனில் ஒரு தட்டின் கரண்டி அடுத்த தட்டுக்குப் போவதை யாராலும் தடுக்க முடியாது.

பாட்டிக்கு ரசம் சோறு இல்லாமல் ஆகாது என்று சிறிய மின்சார ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைப்பவர்கள் உண்டு. வைக்காதீர்கள். சூடேறும் கம்பி உள்ள எந்தக் கருவியும், அதாவது குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எல்லாம், தீ விபத்து அச்சத்தால் அறைக்குள் தடை செய்யப்பட்டவை. பெட்டியைச் சோதிக்கும்போதே எடுத்து வைத்துக்கொண்டு பயண முடிவில்தான் தருவார்கள். மூடி முத்திரையிட்ட ஊறுகாய், பருப்புப் பொடி, தட்டை, முறுக்கு ஆகியவற்றைப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. ஆனால் அவற்றையோ பஃபேயில் எடுத்த ஆப்பிளையோ கைப்பையில் வைத்துக்கொண்டு துறைமுகத்தில் இறங்கக் கூடாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி போன்ற நாடுகள் இதில் மிகக் கண்டிப்பானவை; நியூசிலாந்தில் அறிவிக்காமல் கொண்டுவரும் பழம் ஒன்றுக்கே அந்நாட்டுப் பணத்தில் 400 டாலர் அந்த இடத்திலேயே அபராதம் விதிக்கப்படும்.

சுகாதாரம் பற்றி ஒரு சொல். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் பெரும்பாலான சொகுசுக் கப்பல்களை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் முன்னறிவிப்பின்றிச் சோதித்து 100க்கு மதிப்பெண் இடுகிறது. 86க்குக் குறைந்தால் தேறவில்லை என்று பொருள். மதிப்பெண்கள் பொதுவில் கிடைக்கும், கப்பலைத் தேர்வு செய்யுமுன் பார்க்கலாம். கப்பல்களில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவக் காரணமான நோரோ வைரஸ், உணவுக்கூட வாசலில் தெளிக்கும் சானிடைசருக்கு எளிதில் அடங்குவதில்லை. சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

இனி உடை. கப்பல்களில் உடைக் கட்டுப்பாடு முன்பைவிட மிகவும் தளர்ந்திருக்கிறது. செலிப்ரிட்டி கப்பல் நிறுவனம் 2015இன் இறுதியில், கோட்டு, டை போன்ற விருந்து உடை அணிய வேண்டிய முறைசார் இரவுகளைக் கைவிட்டு, நேர்த்தியான மாலை உடை போதும் என்று அறிவித்தது. நார்வீஜியன் கப்பல்களில் கோட்டு, டை அணிந்தே தீர வேண்டிய இரவு கிடையாது. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் மூன்று நான்கு இரவுப் பயணங்களில் ஒரு மாலை மட்டும் நன்றாக உடுத்திவரச் சொல்வார்கள். மறுமுனையில் க்யூனார்ட் நிற்கிறது. சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஏழு இரவுகள் ஓடும் குயீன் மேரி 2இல், மாலை ஆறு மணிக்கு மேல் கப்பலின் பெரும்பகுதியில் நேர்த்தியான உடை எதிர்பார்க்கப்படுகிறது. காலா எனப்படும் சிறப்பு விருந்து மாலைகளில் ஆண்கள் டின்னர் ஜாக்கெட்டோ கருநிற சூட்டோ டையுடன் அணிய வேண்டும். அப்படி உடுத்த விரும்பாதவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கிங்ஸ் கோர்ட் பஃபே போன்ற சில இடங்கள் அவர்களுக்காகவே விடப்பட்டிருக்கின்றன. ஆனால் நடன அரங்குக்கும் பிரதான உணவுக்கூடத்துக்கும் அந்த இரவு போக முடியாது. கனவுப் பயணம் என்று சேமித்துப் போகிறவர்கள் அதைக் கதவருகே நின்று தெரிந்துகொள்வது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

முறைசார் தேசிய உடையையும் காலா மாலைகளில் வரவேற்பதாக க்யூனார்டின் விதியே சொல்கிறது. பட்டுப்புடவை உடுத்திய பெண்களை எந்தக் கப்பலிலும் யாரும் தடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மாறாக, அந்த மாலையின் மிக அழகான உடை அதுவாகவே இருக்கும். ஆண்கள் கழுத்து மூடிய பந்த்கலா கோட்டு அணியலாம். பட்டு வேட்டி, சட்டைதான் என்று விரும்புவோர், அதை முறைசார் தேசிய உடையாக ஏற்பார்களா என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொண்டால் வாசலில் விவாதம் வராது. புடவையோ சூட்டோ, மடிப்புக் கலையாமல் கொண்டுபோவதுதான் சிக்கல். கார்னிவல், பிரின்செஸ், க்யூனார்ட் நிறுவனங்களின் கப்பல்கள் பலவற்றில் பயணிகள் தாமே பயன்படுத்தும் சலவையறைகளில் இஸ்திரி வசதி உண்டு. ராயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பல்களில் அத்தகைய சலவையறை இல்லை, பணம் கட்டித்தான் துணியை வெளுக்கக் கொடுக்க வேண்டும். பத்துப் பேர் போகும் குடும்பத்துக்கு இது சின்னச் செலவல்ல.

கரைக்கும் விதிகள் உண்டு. பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் உள்ளிட்ட கரீபியத் தீவுகளில் ராணுவத்தினர் அணிவது போன்ற, பச்சை பழுப்புத் திட்டுகள் கொண்ட உடையைப் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். குழந்தையின் தொப்பிக்கும் பைக்கும்கூட விலக்கில்லை என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. இத்தாலியின் சிவிதாவெக்கியா துறைமுகத்தில் இறங்கி ரோமுக்குப் போகிறவர்கள், தோளும் முழங்காலும் மூடியிருந்தால்தான் புனித பேதுரு பேராலயத்துக்குள் போக முடியும்.

பணம் கூடுதலாகக் கரையும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஊழியர்களுக்கான டிப்ஸ். பல நிறுவனங்கள் நாளொன்றுக்கு ஆளுக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை கணக்கில் தாமாகவே ஏற்றிவிடும். 18.50 டாலர் வீதம் நால்வர் ஏழு இரவு போனால் 518 டாலர். குழந்தைகளும் தலைக்கணக்கில் சேர்வார்கள். இதை நீக்கச் சொல்லிச் சேவை மையத்தில் வரிசையில் நிற்பவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் வருந்துகிறேன். சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, ஒரு கப்பல் ஊழியர் வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை செய்வதை அனுமதிக்கிறது. உங்கள் கண்ணில் படாத பாத்திரம் கழுவுபவருக்கும் படுக்கை விரிப்பு வெளுப்பவருக்கும் அந்தத் தொகையிலிருந்தே பங்கு போகிறது. அதைக் கட்டணத்தின் ஒரு பகுதியாகவே முதலில் கணக்கிட்டு, அதற்கும் சேர்த்துப் பணம் இருந்தால் முன்பதிவு செய்யுங்கள்.

மற்றொன்று பானத் திட்டம். தண்ணீர், தேநீர், சாதாரணக் காபி கட்டணத்தில் அடங்கும். பெரும்பாலான கப்பல்களில் குளிர்பானமும் மதுவும் அடங்கா. அளவின்றிக் குடிக்கலாம் என்ற பெயரில் விற்கும் திட்டத்தைக் கணவர் வாங்கினால், குடிக்காத மனைவியும் வாங்கியே ஆக வேண்டும் என்பது ராயல் கரீபியன், கார்னிவல் ஆகியவற்றின் விதி; ஓர் அறையில் உள்ள, வயது வந்த அனைவருக்கும் அது பொருந்தும். கார்னிவலின் திட்டத்தில் 24 மணி நேரத்துக்கு 15 மதுபானம் என்ற வரம்பும் இருக்கிறது. மருத்துவக் காரணத்தால் மதுவைத் தொடாதவர்கள் புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டால், மதுவில்லாத மலிவான திட்டத்துக்கு மாற்றித் தருவதும் உண்டு.

கடைசியாக, மீண்டும் மீண்டும் வரும் பயணிகளுக்கான சலுகைகள். ராயல் கரீபியனில் ஓர் இரவுக்கு ஒரு புள்ளி, சூட் எனப்படும் பெரிய சொகுசு அறையில் இரண்டு. நாளொன்றுக்கு நான்கு இலவசப் பானங்கள் கிடைக்கும் டைமண்ட் நிலைக்கு 80 புள்ளிகள் வேண்டும். உச்சமான பினக்கிள் நிலைக்கு 700. ஆண்டுக்கு ஒரு முறை நான்கு இரவு போகும் குடும்பம் டைமண்டை எட்ட இருபது ஆண்டுகள் ஆகும். விதிகளும் நிலையானவை அல்ல: பயணம் செய்த நாள்களை வைத்து நிலை வழங்கிவந்த கார்னிவல், செலவழிக்கும் தொகையை வைத்து வழங்கும் முறைக்கு மாறுவதாக 2025இல் அறிவித்தது. ஆகவே சலுகைக்காக ஒரே நிறுவனத்தைப் பிடித்துக்கொண்டு விலை கூடிய கப்பலில் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஆனால் உறுப்பினர் எண் இலவசம் என்பதால் அதை விட்டுவிடவும் வேண்டாம். நம் பெயர்களில் முன்னெழுத்து ஒரு முறை சுருக்கமாகவும் மறுமுறை தந்தை பெயராக விரிவாகவும் பதிவாகி, ஒரே ஆளின் புள்ளிகள் இரண்டு கணக்குகளில் சிதறுவதை அடிக்கடி பார்க்கிறேன். கடவுச்சீட்டில் உள்ளபடியே ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்.

முன்பதிவின்போது பரிசாகத் தரும், கப்பலுக்குள் செலவழிப்பதற்கான தொகை, பெரும்பாலும் பணமாகத் திரும்பாதது. கடைசி இரவுக்குள் செலவழிக்காவிட்டால் அழிந்துவிடும். அதை டிப்ஸ் கணக்கில் கழிக்க முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள், பல கப்பல்களில் முடியும். மொத்தக் கணக்கையும் இறுதி நாள் மாலை உணவுக்கு முன்பே சரிபாருங்கள். நீங்கள் வாங்காத எதையாவது ஏற்றியிருந்தால் கப்பலிலேயே திருத்திக்கொள்வது எளிது, ஊர் திரும்பியபின் மின்னஞ்சலில் அதைப் பெற மாதக்கணக்கில் ஆகலாம்.