இலை உதிரும் முன் விழும் பனி

இலையுதிர்காலம் தொடங்கிவிட்டால் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி ஒரே ரகம்தான். "அடுத்த வாரம் வெண்பனி விழும்னு போன்ல காட்டுதே, நம்பலாமா?" வானிலை முன்கணிப்புதான் எனக்குத் தொழில். ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தப் பருவம் விடாது.

நடுக் குளிர்காலத்தில் எங்கள் பாடு சுலபம். குளிர்ப் பகுதிகளில் தரையிலிருந்து மேகம் வரை காற்று பூஜ்யம் டிகிரிக்குக் கீழேதான் இருக்கும். மேகம் கொட்டினால் பனி, அவ்வளவுதான். இலையுதிர்காலத்தில் அப்படி இல்லை. மேலே பனியாகக் கிளம்புவது, தரையை ஒட்டியிருக்கும் சில நூறு மீட்டர் வெதுவெதுப்பான காற்றைத் தாண்டி வரவேண்டும். தாண்டினால் பனி, கரைந்தால் மழை. ஒரு டிகிரி இப்படியோ அப்படியோ நகர்ந்தால் போதும், 10 மில்லிமீட்டர் மழை என்று சொன்ன இடத்தில் 7, 8 சென்டிமீட்டர் பனி கிடக்கும். திட்டு எனக்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கரைகிற பனி தன்னைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழை பலமாக இருந்தால் அந்த உறிஞ்சலிலேயே காற்று பூஜ்யத்துக்கு இறங்கி, மழையாகத் தொடங்கியது நள்ளிரவில் பனியாகிவிடும். வெறும் தூறலாக இருந்தால் மாறாது. காற்று வறண்டிருந்தால் துளிகள் ஆவியாகும்போதும் குளிரும். அதனால் சாதாரண வெப்பநிலையோடு, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையையும் பார்ப்போம். வெளியே 4 டிகிரி என்றாலும் இந்த அளவு பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் நான் உஷாராகிவிடுவேன்.

சரி, போனில் தெரிந்த அந்தப் படம்? பல செயலிகள் காட்டுவது, வானிலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் கணினி மாதிரியின் ஒரே ஓட்டத்தை. 1961இல் எட்வர்ட் லோரென்ஸ் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர் தன் கணினிக் கணக்கை மறுபடி ஓட்டியபோது 0.506127 என்பதற்குப் பதில் 0.506 என்று கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கணக்கில் வந்த வானிலை முற்றிலும் வேறாகிப் போனது. இன்றைக்கு ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையம் தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒரே வாரத்தை 51 தடவை ஓட்டிப் பார்ப்பது அதனால்தான். பத்து நாள் தள்ளி 15 ஓட்டங்களில் பனி இருந்தால் வாய்ப்பு சுமார் 30 சதவீதம். அதை "விழாது" என்று படிக்காதீர்கள். மூன்று நாளுக்கு முன்னும் அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்தால் நம்பத் தொடங்கலாம். "இந்தப் பருவம் வழக்கத்தைவிட வெப்பம்" என்ற அறிக்கை மூன்று மாதச் சராசரியைப் பற்றியது. அதற்குள் இரண்டு நாள் பனி தாராளமாக ஒளிந்துகொள்ளும்.

நான் அதிகம் பயப்படுவது பனியின் ஆழத்துக்கு அல்ல, மரத்தில் மிச்சமிருக்கும் இலைக்கு. 2011 அக்டோபர் 29 அன்று அமெரிக்காவின் வடகிழக்கில் விழுந்த பனியை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் பதிவானது 2.9 அங்குலம், அதாவது 7 சென்டிமீட்டர் சொச்சம். ஜனவரியில் யாரும் பொருட்படுத்தாத அளவு. ஆனால் இலைகள் உதிராத மரங்கள் ஈரப்பனியைத் தட்டில் ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டன. கிளைகள் முறிந்து மின்கம்பிகள்மேல் விழுந்தன. அந்தப் புயலில் 30 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. 2006 அக்டோபரில் ஏரிக்கரை நகரமான பஃபலோவிலும் இதே கதைதான்.

சாலையைப் பற்றி ஒன்று மட்டும். தரையில் கோடையின் சூடு மிச்சமிருப்பதால் முதல் பனி தார்ச்சாலையில் பெரும்பாலும் கரைந்துவிடும். பாலத்துக்கு அடியிலும் காற்று ஓடுவதால் பாலத்தின்மேல்தான் முதலில் உறையும். சாலை வெறும் ஈரம்தானே என்று அதே வேகத்தில் பாலத்தில் ஏறுபவர்கள்தான் முதலில் சறுக்குகிறார்கள். 7 டிகிரிக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் விறைத்துப்போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்கணிப்பில் "மழை, உயரமான இடங்களில் பனி கலக்கலாம்" என்று இருந்து, சாயங்காலம் காற்று வறண்டு 3 டிகிரியில் நின்று, மரங்களிலும் இலை மிச்சமிருந்தால், நான் போனுக்கு முழு சார்ஜ் ஏற்றிவிட்டு, காரை மரத்தடியிலிருந்து நகர்த்தி வைத்துவிட்டுத்தான் தூங்கப் போவேன். பாதி நாள் காலையில் எழுந்தால் வெறும் மழைதான் பெய்திருக்கும்.