மெய்நிகர் திரை: வேர்ச்சுவல் மொனிற்றருக்குத் தமிழ்

திருகோணமலை உவர்மலையில் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதும் என் தம்பி, போன மாதம் மேசையிலிருந்த மொனிற்றரை அலுமாரிக்குள் தூக்கி வைத்துவிட்டு, கண்ணுக்கு முன்னால் கணினிக் காட்சியைக் காட்டும் விஆர் (வேர்ச்சுவல் ரியாலிற்றி) ஹெட்செட் ஒன்றை முகத்தில் மாட்டிக்கொண்டு வேலை செய்யத் தொடங்கினான். எதிரே வெறும் சுவர். அவனுக்கு மட்டும் அதில் மூன்று பெரிய திரைகள். "என்னடா பார்க்கிறாய்?" என்று அம்மா கேட்டதற்கு "வேர்ச்சுவல் மொனிற்றர் அம்மா" என்றான். அதைத் தமிழில் சொல்ல அவனால் முடியவில்லை.

இலத்தீனில் 'விர்' என்றால் ஆண். அதிலிருந்து வந்த 'விர்த்துஸ்' முதலில் ஆண்மை, பிறகு ஆற்றல். உருவில் இல்லாவிட்டாலும் ஆற்றலால், பயனால் இருப்பதுதான் வேர்ச்சுவல். கவனியுங்கள், பொய் என்ற பொருள் இதில் எங்கும் இல்லை. 'வேர்ச்சுவல் ரியாலிற்றி' என்ற தொடரை 1938 இலேயே பிரெஞ்சு நாடகக்காரர் அந்தோனன் ஆர்த்தோ நாடக அரங்கைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்தினார். 1980களில் அமெரிக்கக் கணினி அறிஞர் ஜாரன் லேனியர் அதைக் கணினி உலகில் பரப்பினார். தலையில் மாட்டும் கருவியை இன்னொரு அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லண்ட் 1968 இலேயே செய்து காட்டியிருந்தார்.

சரி, தமிழில்? பள்ளிக்கூடத்தில் ஒளியியல் படித்தவர்கள் உடனே 'மாய' என்பார்கள், மாய விம்பம் படித்தோமே என்று. அது பொருந்தாமலும் இல்லை. ஹெட்செட்டுக்குள் சின்னத் திரை வில்லையின் குவியத்தூரத்துக்குச் சற்று உள்ளே இருக்கிறது, அதனால் ஓரிரு மீற்றர் தள்ளிப் பெரிதாக ஒரு விம்பம் தெரிகிறது. இயற்பியல் கணக்கில் தம்பி பார்ப்பது மாய விம்பமேதான். ஆனாலும் 'மாயத் திரை' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மத்தியான வெயிலில் நிலாவெளி வீதியில் தெரியும் கானல்நீர் மாயம், அதை யாரும் குடிக்க முடியாது. தம்பி அந்தத் திரையில் எழுதும் நிரல் உண்மையாகவே ஓடுகிறது, அதற்குச் சம்பளமும் வருகிறது.

அதனால்தான் 'மெய்நிகர்' சரியான சொல். நிகர் என்றால் ஒப்பு. தொல்காப்பியம் சொல்லும் உவம உருபுகளில் 'நிகர்ப்ப'வும் ஒன்று. மெய் என்பது உண்மை, உடம்பும்தான். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிற ஒரு கருவிக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்குமா? 'மெய்நிகர் உண்மை' என்று நீட்ட வேண்டியதில்லை, மெய்யும் உண்மையும் ஒன்றுதானே. மெய்நிகர் போதும், வேர்ச்சுவல் மொனிற்றர் மெய்நிகர் திரை.

நிகர் என்றாலும் இன்னும் முழு நிகர் இல்லை. நல்ல கண்ணுக்குப் பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 60 படப்புள்ளிகள் (பிக்சல்கள்) வேண்டும், மெற்றா குவெஸ்ட் 3 என்ற ஹெட்செட் தருவது 25 அளவில்தான், அதனால் சிறிய எழுத்துகள் மங்கும். எடையும் அரைக் கிலோவுக்கு மேல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதை முகத்தில் கட்டிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருந்து பாருங்கள், வியர்வை ஆவி படிந்து வில்லையே மங்கிப்போகும். தம்பி இப்போது பகலில் பழைய மொனிற்றர், இரவில் மெய்நிகர் திரை என்று மாற்றிக்கொண்டான்.

அப்புறம் ஹெட்செட். சிலர் தலைக்கவசம் என்று எழுதுகிறார்கள், அது மோட்டார் சைக்கிளில் போகும்போது போடுவது. காதில் அணிவது காதணி என்றால், இது தலையணி.