பேஸ்பால் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-இல் முடிகிறது: எதைக் கவனிக்க வேண்டும்?

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் கிளப் முதலாளிகளும் ஆட்டக்காரர் சங்கமும் 2022 மார்ச்சில் போட்ட கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதியோடு காலாவதியாகிறது. தேதி நெருங்க நெருங்க, "கோடீஸ்வரர்கள் சண்டை, நமக்கென்ன?" என்ற பேச்சு கிளம்பும். தொழில் தகராறுகளைக் கையாள்பவர்கள் இதை அப்படித் தள்ளிவிட முடியாது. சம்பளம் எத்தனை லட்சம் என்பதைவிட, வேலையை யார் எந்த மாதத்தில் நிறுத்தினார்கள், ஒப்பந்தத்தின் எந்த வரியைப் பிடித்து வாதாடினார்கள் என்பதே இங்கு முடிவுகளைத் தீர்மானித்திருக்கிறது. எந்தத் தொழிற்சங்கத்துக்கும் இது பாடம்.

முதலில் நாட்காட்டி. ஆட்டக்காரருக்குச் சம்பளம் வருவது பருவம் நடக்கும் மாதங்களில், ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. முதலாளிகளின் தேசியத் தொலைக்காட்சி வருமானத்தில் பெரும்பங்கு தொங்குவதோ அக்டோபர் மாத இறுதிச்சுற்று ஆட்டங்களில். அதனால் ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்தால் ஆட்டக்காரர் கையில் பெரும்பாலான சம்பளம் வந்திருக்கும். அடி முதலாளிக்கு விழும். டிசம்பரில் கதவடைப்பு செய்தால் முதலாளிக்கு ஆட்ட வருமானம் எதுவும் போகாது. புதிய கிளப் தேடும் ஆட்டக்காரர்தான் அந்தரத்தில் நிற்பார். 1994-இல் சங்கம் ஆகஸ்ட் 12-ஐத் தேர்ந்தெடுத்ததும், 2021-இல் முதலாளிகள் டிசம்பர் 2-ஐத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் கணக்கில்தான்.

செய்திகளில் இரண்டையும் "ஸ்டிரைக்" என்று எழுதிவிடுகிறார்கள். பழி தவறான பக்கம் போய்ச் சேருகிறது. 2021 டிசம்பர் 2 முதல் 2022 மார்ச் 10 வரை 99 நாள் நடந்தது முதலாளிகள் போட்ட கதவடைப்பு. அந்த நாட்களில் புது ஒப்பந்தங்கள் நின்றன. கிளப் மைதானம், உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் மூடப்பட்டன. கிளப் மருத்துவரோடு பேசவும் முடியாது. சான் டியாகோ கிளப்பின் ஆட்டக்காரர் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது கிளப்புக்குத் தெரியவந்ததே கதவு திறந்த பிறகுதான். காயத்திலிருந்து மீண்டுகொண்டிருப்பவருக்குக் கதவடைப்பு என்பது முதலில் சிகிச்சைப் பிரச்சினை. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை.

1994–95 தகராறுதான் ஆழமாகப் படிக்க வேண்டியது. முதலாளிகள் கேட்டது கிளப்பின் மொத்தச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு. பழைய ஒப்பந்தம் ஏற்கெனவே முடிந்திருந்தது. பருவத்தை முழுதாக ஆடிக்கொடுத்துவிட்டால், குளிர்காலத்தில் "பேச்சு முட்டுக்கட்டை" என்று அறிவித்து உச்சவரம்பைத் திணிப்பார்கள் என்று சங்கம் அஞ்சியது. அதனால்தான் ஆகஸ்ட் 12-இல் வேலையை நிறுத்தியது. அஞ்சியதே நடந்தது. செப்டம்பர் 14-இல் பருவம் ரத்தானது; 1904-க்குப் பிறகு முதல்முறையாக, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடர் இல்லை. டிசம்பரில் உச்சவரம்பு திணிக்கப்பட்டது. பிறகு அதை விலக்கிக்கொண்டார்கள். ஆனால் சம்பளத் தகராறை நடுவர் தீர்க்கும் முறையையும் தனி ஆட்டக்காரரோடு கிளப்புகள் போட்டிபோட்டுப் பேசும் முறையையும் நிறுத்தினார்கள். அங்கேதான் சறுக்கினார்கள். அமெரிக்கத் தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தாலும் சம்பளத்தோடு தொடர்புடைய பழைய நிபந்தனைகள் உயிரோடு இருக்கும். நேர்மையான பேச்சு உண்மையிலேயே முட்டிக்கொண்டு நின்றால் ஒழிய ஒரு தரப்பு மட்டும் அவற்றை மாற்ற முடியாது. அந்தச் சட்டத்தைக் காக்கும் அரசு அமைப்பான தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் நீதிமன்றம் போனது. 1995 மார்ச் 31-இல் நீதிபதி சோனியா சோட்டோமேயர் பழைய நிபந்தனைகளைத் திரும்பக் கொண்டுவர உத்தரவிட்டார். ஏப்ரல் 2-இல் வேலைநிறுத்தம் முடிந்தது. அந்த ஆண்டுப் பருவம் 162-க்குப் பதில் 144 ஆட்டங்களாகச் சுருங்கியது.

ஒப்பந்த வரியின் பலத்துக்கு 1975 சான்று. கையெழுத்திட மறுக்கும் ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தை அதே நிபந்தனைகளில் "ஓராண்டுக்கு" கிளப் புதுப்பிக்கலாம் என்றது ஒரு விதி. புதுப்பித்த ஒப்பந்தத்தையும் மறுபடி புதுப்பிக்கலாம், ஆகவே ஆயுள் முழுக்க உரிமை தங்களுக்கே என்றனர் முதலாளிகள். பந்துவீச்சாளர்கள் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித்தும் டேவ் மெக்நாலியும் கையெழுத்துப் போடாமல் அந்தப் பருவத்தைத் தொடங்கினார்கள். டிசம்பர் 23-இல் இசைவுத் தீர்ப்பாளர் பீட்டர் சைட்ஸ் சொன்னார்: ஓராண்டு என்றால் ஓராண்டுதான், அதன்பின் ஆட்டக்காரர் எந்தக் கிளப்போடும் பேசலாம். மூன்றாண்டு முன்பு இதே கட்டுப்பாட்டை எதிர்த்து ஆட்டக்காரர் கர்ட் ஃப்ளட் உச்ச நீதிமன்றத்தில் 5–3 எனத் தோற்றிருந்தார். வித்தியாசம் எங்கே? 1970 ஒப்பந்தத்தில் சங்கத் தலைவர் மார்வின் மில்லர் வெளியாள் தீர்ப்பாளரைக் கேட்டு வாங்கியிருந்தார். அதற்கு முன் புகாரை விசாரித்தவர் முதலாளிகள் நியமித்த ஆணையர். அந்தச் சங்கம் பெற்றவற்றில் இதைவிடப் பெரியது எதுவுமில்லை என்பதே எங்கள் கணிப்பு.

இன்னொரு வரி: ஆட்டக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து பேரம் பேசக் கூடாது. 1966-இல் பந்துவீச்சாளர்கள் சாண்டி கோஃபாக்ஸும் டான் டிரைஸ்டேலும் சேர்ந்து நின்று சம்பளம் கேட்டதால் முதலாளிகள் விரும்பிய விதி. சரி, கிளப்புகளும் கூட்டுச் சேரக் கூடாது என்று எழுதுங்கள் என்றார் மில்லர். 1985 முதல் கிளப்புகள் ஒன்று மற்றொன்றின் ஆட்டக்காரரை அழைக்காமல் சம்பளத்தை அமுக்கியபோது அந்த வரிதான் அவர்களைப் பிடித்தது. 1990-இல் 28 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்தார்கள்.

இன்றைய சண்டை நாள் கணக்கில். மேஜர் லீக் கிளப்பின் ஆட்டக்காரர் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஒரு சேவை ஆண்டு. ஆறு ஆண்டு சேர்ந்தால், எந்தக் கிளப்போடும் பேசும் சுதந்திரம். 2015-இல் புதுமுகம் கிறிஸ் பிரையன்டை சிகாகோ கப்ஸ் கிளப் கீழ்நிலை லீகிலிருந்து சற்றுத் தாமதமாக அழைத்ததில் அவருக்குக் கிடைத்தது 171 நாள். ஒரு நாள் குறைந்ததால் சுதந்திரம் ஓராண்டு தள்ளிப்போனது. அவர் புகாரும் 2020-இல் தள்ளுபடியானது. 2022 ஒப்பந்தம் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பெறுபவருக்கு முழு ஆண்டு தருகிறது. மற்றவர்களுக்கு ஓட்டை அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 1-க்குப் பின் கதவு மூடினால், பேச்சு எத்தனை முறை நடந்தது, உச்சவரம்பு மேசைக்கு வந்ததா என்று பாருங்கள். "கடைசிக் கெடு" என்று வரும் முதல் அறிவிப்புகளை அப்படியே நம்ப வேண்டாம். பந்துவீச்சாளர் தோள் தயாராக மூன்று நான்கு வாரம் வேண்டும்: 1995-இல் ஏப்ரல் 2 முடிவு, 25-இல் ஆட்டம், 2022-இல் மார்ச் 10 உடன்பாடு, ஏப்ரல் 7-இல் ஆட்டம். பருவத் தொடக்க நாளிலிருந்து நான்கு வாரம் பின்னோக்கி எண்ணினால் வருவதே உண்மையான கெடு.