மொட்டைமாடி தாங்குமா?

வீட்டுக்கு மூன்று கிலோவாட் சோலார் போட 550 வாட் பேனல் ஆறு போதும். ஒரு பேனல் சுமார் 28 கிலோ. ஆறும் சேர்ந்து 170 கிலோகூட வராது. இரும்பு ஸ்டாண்டையும் கூட்டினால் சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிலோ, அவ்வளவுதான். ஆள் நடமாடும் மொட்டைமாடி சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும் என்கிறது கட்டடச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875. மாடியில் பந்தி போட்டு ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறதே, அதற்கு முன்னால் பேனல் ஒரு சுமையே இல்லை.

ஆனால் சென்னைக் கடலோரத்தில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்துத் தளங்கள் பல வருடங்களாக உப்புக்காற்று குடித்தவை. அங்கே பேனலைவிடத் தளத்துக்குள் இருக்கும் கம்பியைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும்.

சுமை ஏறினால் தளம் லேசாகக் கீழ்நோக்கி வளையும். அப்போது அதன் நடுப்பகுதியில் மேல்பக்கம் அழுந்தும், அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் விரிசல் விட்டுவிடும். அதனால்தான் அடிப்பக்கமாகக் கம்பி கட்டுகிறார்கள். கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கி வைக்கும். கடல் காற்றில் வரும் குளோரைடு நுண்துளைகள் வழியே இறங்கி அந்தப் படலத்தை உடைத்துவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். 1978-இல் வந்த கான்கிரீட் விதிப்படி தளக் கம்பிக்குக் கீழே 15 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருந்தால் போதும். 2000-இல் வந்த விதி, கடற்கரைக் காற்று நேரே படும் கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் கேட்கிறது.

ஆகவே மாடிக்குப் போகும் முன் கீழ்வீட்டுச் சீலிங்கை அண்ணாந்து பாருங்கள். ஒரே இடைவெளியில் நேர்நேராக ஓடும் விரிசல், பழுப்புக் கறை, உப்பிய பூச்சு: மூன்றுமே கம்பி துருப்பிடிப்பதற்கான அடையாளங்கள். சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், பெயர்ந்த இடம் பொத்தென்று கேட்கும். அப்புறம் சுவருக்குச் சுவர் ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பாருங்கள். நான்கு மீட்டர் அகல அறையில் நடுவே 16 மில்லிமீட்டருக்கு மேல் தொங்கினால் ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயரைக் கூப்பிட வேண்டியதுதான்.

இன்னொன்று, மாடி ஒழுகுகிறதென்று பழைய சுருக்கிக்கு (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளத்தின்மேல் போடும் அடுக்கு) மேலேயே இன்னொரு சுருக்கி போடும் வழக்கம். பத்து சென்டிமீட்டர் செங்கல் ஜல்லியே சதுர மீட்டருக்கு 180 கிலோ அளவுக்கு வரும். அந்த 150 கிலோ இருப்பு அங்கேயே காலி!

பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மிச்சமிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளின், அதாவது மர விட்டத்தின்மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட வீடுகளின், கதை வேறு. அங்கே சுமை தேக்கு விட்டத்தில். சுவருக்குள் புதைந்திருக்கும் விட்டத்தின் முனைதான் ஈரத்துக்கும் கரையானுக்கும் முதலில் இரையாகும். கத்தி முனை சுலபமாக இறங்கினால் அந்த விட்டத்தை நம்ப முடியாது. இத்தகைய தளத்தில் ஸ்டாண்டின் காலை ஊன்றவே கூடாது என்பேன். சுவர் நன்றாக இருந்தால் சுவருக்குச் சுவர் இரும்பு பீம் போட்டு அதன்மேல் வைக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்டுக்குத் தனித் தூண்தான் வழி.

இனி காற்று. வினாடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகத்தை இருமடியாக்கி 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையேறியபோது அடித்ததுபோல மணிக்கு 120 கிலோமீட்டர் என்றால், இரண்டரைச் சதுர மீட்டர் பேனலைத் தூக்கும் விசை சுமார் 170 கிலோ. சென்னைக்கு விதி வகுத்திருக்கும் அடிப்படை வேகம் 180 கிலோமீட்டர். அதற்கு 380 கிலோ. சாய்வையும் உயரத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். துணி காயப்போட வசதியாக இருக்கட்டும் என்று ஆளுயரத்துக்கு ஸ்டாண்டைத் தூக்கினால் காற்றின் பிடி இன்னும் அதிகம்.

சரி, கான்கிரீட் கட்டைகளை வைத்து அழுத்திவிடலாமா? ஆறு பேனலுக்கு இரண்டு டன்னுக்கு மேல் கட்டை வேண்டும். அதைப் பேனல் பரப்பில் பகிர்ந்தால் சதுர மீட்டருக்கு 150 கிலோ! முழு இருப்பும் அதற்கே போய்விடும். போல்ட்டு போட்டுப் பிணைப்பதே மேல். ஆனால் அது சுருக்கியைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும். சுருக்கியோடு நின்ற போல்ட்டைப் புயல் பிடுங்கிவிடும். துளையைச் சுற்றி நீர்க்கசிவு அடைப்பும் கட்டாயம். கால்கள் பீமுக்கோ சுவருக்கோ நேர்மேலே நிற்க வேண்டும். நிழல் விழாத இடத்தைச் சோலார்க்காரர் காட்டுவார். பீம் எங்கே ஓடுகிறது என்று கீழ்வீட்டுச் சீலிங்கைப் பார்த்து மாடியில் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுப்பது வீட்டுக்காரர் வேலை.