குடமுழுக்குக்கு முன் சுவரைப் படியுங்கள்

குடமுழுக்குக்கு நாள் குறித்ததும் திருப்பணிக் குழுவினர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "கல்லை எப்படிச் சீக்கிரம் பளிச்சென்று ஆக்குவது?" என்பதுதான். கற்கோயில்களைப் பழுதுபார்க்கும் பொறியாளன் நான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன், குழுவினரை அழைத்துக்கொண்டு கோயிலை ஒருமுறை சுற்றிவருவது என் வழக்கம்.

நம் கட்டடக்கலை வரலாற்றுக்கு முதல் ஆவணம் கோயில் சுவர்தான். 7ஆம் நூற்றாண்டில் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இதை அமைத்ததாக வடமொழியில் வெட்டிவைத்தான். அதற்கு முன் கோயில்கள் எவற்றால் கட்டப்பட்டன என்பதையும் அந்தச் சிறு கல்வெட்டே சொல்லிவிடுகிறது. சில வரிகள் அழிந்திருந்தால் நாம் இழந்திருக்கக்கூடியது எவ்வளவு என்று எண்ணிப்பாருங்கள்.

கல்வெட்டு இல்லாத கோயிலிலும் காலத்தைப் படிக்கலாம். தூணின் தலைக்கும் மேலே செல்லும் உத்திரத்துக்கும் இடையே இருக்கும் போதிகையைப் பாருங்கள். அது வளைந்து, அலை அலையாக மடிப்புகளுடன் நடுவே பட்டை ஓடினால் பல்லவர் பாணி. சோழர் காலத்தில் வளைவு போய்ச் சாய்வான வெட்டு வருகிறது. நடுவில் ஒரு சிறு பிதுக்கம் நீள்கிறது. பின்னாளில் அந்தப் பிதுக்கம் பூவாக மலர்ந்து, விஜயநகர, நாயக்கர் காலங்களில் தலைகீழாகத் தொங்கும் மொட்டாகிவிடுகிறது. ஒரே கோயிலில் கருவறைக்கு ஒரு போதிகை, வெளி மண்டபத்துக்கு வேறு போதிகை என்றால், அங்கே பல தலைமுறைகளின் கை பட்டிருக்கிறது. இதைக் காட்டியதும் குழுவினரின் முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஊர்க்கோயிலின் வயதைத் தாமே கண்டுபிடித்தவர்கள் அதற்குக் கெடுதல் செய்யத் துணிவதில்லை.

கல்லைச் சீக்கிரம் பளிச்சென்று ஆக்கப் பலர் நாடும் மணல் வீச்சு அழிப்பது இந்தச் சான்றுகளைத்தான். காற்றழுத்தத்தில் பாயும் மணல், அழுக்கோடு கல்லின் மேல்தோலையும் அரித்துவிடுகிறது. கல்வெட்டு எழுத்துகளின் ஆழம் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். அவற்றின் விளிம்பு மழுங்கினால் பிறகு வாசிக்க முடியாது. சொரசொரப்பான பரப்பில் எண்ணெயும் தூசியும் பாசியும் முன்பைவிட வேகமாகப் படிகின்றன. அரசு தடை விதித்த முறை இது. ஆனாலும், நான் பார்க்கச் சென்ற ஒரு கோயிலில் அதிட்டானம் எனும் அடித்தளத்தில் புடைத்து ஓடும் குமுத வரி முழுவதும் எழுத்து இருந்த தடம் மட்டுமே மிச்சம். அந்த ஊரின் பழைய நிலக்கொடையோ நீர்ப்பங்கீடோ அதில் இருந்திருக்கலாம். இனி யாராலும் சொல்ல முடியாது. கல்லைச் சுத்தமாக்கத் தண்ணீர், நைலான் தூரிகை, கெட்டிப்பட்ட சுண்ணாம்பைச் சுரண்ட மூங்கில் சிராய், பொறுமையான ஆட்கள் இருந்தால் போதும். நாள் கூடுதலாகும், ஆகட்டும்.

திருப்பணி என்றால் பழையதை அழிப்பது என்ற எண்ணம் நம் மரபில் இல்லை. 10ஆம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவில் கற்றளி, அதாவது கற்கோயில், எடுப்பித்தபோது, பழைய கோயிலின் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். அங்கிருந்த பல்லவர் காலச் சாசனங்கள் நமக்குக் கிடைத்தது அவரால்தான். கண்டராதித்தரின் தேவி, உத்தம சோழனின் தாய், அத்தனை அதிகாரம் படைத்தவர்; அவருக்கே பழைய எழுத்தின் மீது அவ்வளவு மரியாதை இருந்தது. இன்று நம் கையில் கேமரா இருக்கிறது. வேலை தொடங்கும் முன் சுவர் முழுவதையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள். தொல்லியல் துறைக்கு எழுதி, கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி மை தடவி எடுக்கும் மைப்படி எடுக்கச் சொல்லுங்கள்.

சிமென்ட் பூச்சு வேண்டாம். அது ஈரத்தைச் சுவருக்குள்ளேயே அடைத்து உப்பைக் கிளப்பும். கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரையே பழைய கட்டுமானத்துக்குப் பொருந்தும். பிராகாரத்தில் கல் பதித்துத் தரையை உயர்த்துவதும் வேண்டாம். அதிட்டானம் புதைவதோடு மழைநீர் வெளியேறும் வழியும் அடைபடும்.

வெள்ளையடித்த உட்சுவர்களில் மட்டும் இன்னும் கூடுதல் கவனம் தேவை. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்வழியில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் வரலாற்று ஆய்வாளர் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். திரிபுரம் எரித்த சிவனும், சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலை செல்லும் காட்சியும் அந்த அடி அடுக்கில்தான் இருந்தன. பிற்பாடு தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சேதமின்றிப் பெயர்த்து, தனிப் பலகைகளில் ஒட்டி, இரண்டையும் காப்பாற்றினர். ஆகவே உட்சுவரைச் சுரண்டச் சொல்லும் முன், ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் சுண்ணாம்பை மெல்ல நீக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்போ மஞ்சளோ ஒரு கோடு தெரிந்தாலும் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, சுவரோவியப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரை வரவழையுங்கள்.