பழைய ஜீப்புக்கு எதற்கு இரண்டு செட் ஸ்பேனர்?

பழைய மகேந்திரா ஜீப்பை வாங்கியவர் கையோடு ஒரு பளபளப்பான டூல் பெட்டியும் வாங்கிவிடுவார். அதில் வண்டிக்குச் சேராத சைஸ்தான் நிறைய இருக்கும். முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, எந்த நட்டு என்ன அளவு என்று பார்க்க வேண்டும். பெட்டி அப்புறம்.

1947இல் மகேந்திரா இங்கே பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப் அமெரிக்க வண்டி. அதன் நட்டு, போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. பின்னால் வந்த எம்.எம்.540இல் பெஜோ டீசல் எஞ்சின் ஏறியது. அது மில்லிமீட்டர் கணக்கு. போதாததற்கு, போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் மாதிரி பல கை மாறிய வண்டி என்றால், வழியில் எந்த போல்ட் கிடைத்ததோ அதுவும் மாட்டப்பட்டிருக்கும்.

அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பேனரைப் போட்டால் நுழையும், ஆனால் 0.3 மி.மீ. ஆடும். அந்த ஆட்டத்தில் ஸ்பேனர் சற்றே சாய்ந்து, நட்டின் தட்டையான பக்கத்தை விட்டுவிட்டு மூலையை மட்டும் பிடிக்கிறது. மொத்த விசையும் ஒரு மெல்லிய கோட்டில் இறங்குவதால் மூலை மழுங்கிவிடும். 9/16 அங்குலத்துக்கும் (14.29 மி.மீ.) இதே கதை: 14 நுழையாது, 15 வழுக்கும். ஆனால் 3/4 அங்குலம் 19.05 மி.மீ. என்பதால் 19 ஸ்பேனரே போதும், 5/8க்கு 16. ஆக, அங்குலத்தில் முழு செட் தேவையில்லை. 7/16, 1/2, 9/16 மூன்றும் ரிங் ஸ்பேனராக இருந்தால் பெரும்பாலான வேலை ஓடிவிடும். சாக்கெட் வாங்கினால் ஆறு மூலை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அது மூலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளித்தான் அழுத்தும்.

துருப்பிடித்த நட்டு தனி விவகாரம். இரும்பைவிடத் துரு அதிக இடம் பிடிக்கும்; அதனால் மரைகளுக்கு நடுவே ஆப்பு அடித்த மாதிரி இறுகிக்கொள்கிறது. துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டுவைத்தால் நுண்ணிடைவெளி வழியே தானாக உள்ளே ஏறும். கழற்றும்போது முதலில் ஒரு மயிரிழை இறுக்கிப் பாருங்கள். துரு உடைந்தால் பிறகு வழிக்கு வரும்.

வீல் நட்டில் ஒரு பொறி உண்டு. வில்லிஸ் வம்சத்து ஜீப் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு எதிர்மரை, அதாவது வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் பைப்பைச் செருகி ஏறி மிதித்தால், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பீர்கள். 60 கிலோ ஆள் 40 செ.மீ. நீளத்தில் மிதித்தால் சுமார் 235 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை இறங்கும்; வீல் நட்டுக்குத் தேவை ஏறக்குறைய 100தான். இறுக்கும்போது நாம் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி உராய்வுக்கே போய்விடும், பத்தில் ஒரு பங்கு அளவுதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்க மிஞ்சும். மரையில் கிரீஸ் தடவினால் உராய்வு குறைந்து, அதே இறுக்கத்தில் போல்ட் கூடுதலாக இழுபடும். வீல் நட்டில் கிரீஸ் வேண்டாம் என்பது அதனால்தான்.

டீசல் வண்டியில் ‘ஏர் பிடித்தால்’ ஸ்பேனரோடு கொஞ்சம் பொறுமையும் வேண்டும். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் திறக்க நூறு பாருக்கு (காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்கு) மேல் அழுத்தம் வேண்டும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் பம்ப் தள்ளுகிற தள்ளலில் குமிழிதான் சுருங்கும், டீசலில் அழுத்தம் ஏறாது. ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவை இளக்கி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்போது இறுக்கிவிடுங்கள். அதற்கு வேண்டிய ஸ்பேனரும், மாற்றுவதற்குச் சில செப்பு வாஷரும் டப்பாவில் இருக்கட்டும்.

மின்சாரத்துக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். நிறுத்தி வைத்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், எஞ்சின் ஓடும்போது 14ஐ ஒட்டி வரும். வராவிட்டால் பேட்டரியைத் திட்டுவதற்கு முன் பெல்ட்டையும் எர்த் வயரையும் பாருங்கள்.

கடைசியாக, எந்தப் பெட்டியோடும் வராத ஒரு சாமான்: ஓரடிச் சதுரத்தில் கெட்டியான பலகை. ஜாக்கி 600 கிலோ தூக்கும்போது, அடிப்பாகம் 10 செ.மீ. சதுரம் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ இறங்கும். ஈர மண்ணில் வண்டி எழாமல் ஜாக்கிதான் புதையும். பலகையைப் போட்டால் அதே சுமை சதுர சென்டிமீட்டருக்கு முக்கால் கிலோவுக்கும் கீழே வந்துவிடும். இரண்டு அங்குலக் கனம் இருக்கட்டும், மெல்லிய பிளைவுட் என்றால் நடுவில் வளைந்துவிடும்.